நிக்கல்–குரோம் பிளேட்டிங்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

பித்தளைக் குழாய்க் கைப்பிடி ஒன்று தொட்டியிலிருந்து வெளியே வருகிறது. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அடிக்கழுத்தில் மட்டும் ஒரு கருத்த வளையம். இந்த இடத்தில் பல பட்டறைகளில் அடுத்து நடப்பது, பிரைட்னர் (பூச்சுக்குப் பளபளப்பைத் தரும் ரசாயனம்) கேனைத் திறந்து தொட்டியில் இன்னொரு மூடி ஊற்றுவதுதான். வளையம் போகாது. இரண்டு நாளில் பூச்சு உடையவும் தொடங்கும். அப்புறம் அதற்கு வேறு ஏதாவது ஊற்ற வேண்டியிருக்கும். ஊற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். பளபளப்பான நிக்கல், அதன் மேல் மெல்லிய குரோம் என்ற அலங்காரப் பூச்சு மட்டுமே இங்கே பேச்சு.

தொட்டி சரியாக இருந்தால் எப்படி இருக்கும்

1916-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிவர் வாட்ஸ் வெளியிட்ட கலவைதான் இன்றைக்கும் நிக்கல் தொட்டிகளின் அடிப்படை. லிட்டருக்கு நிக்கல் சல்ஃபேட் 240 முதல் 300 கிராம், நிக்கல் குளோரைடு 45 முதல் 60 கிராம், போரிக் ஆசிட் 40 கிராம் அளவில். பி.எச். 4-ஐ ஒட்டி, சூடு 55 முதல் 60 டிகிரி. இதோடு பிரைட்னரும், குமிழி பீஸில் ஒட்டாமல் தடுக்கும் வெட்டிங் ஏஜென்டும் சேரும். கரண்ட் ஒரு சதுர டெசிமீட்டருக்கு, அதாவது 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்புக்கு, 3 முதல் 5 ஆம்பியர். 4 ஆம்பியரில் 15 நிமிடம் ஓட்டினால் சுமார் 11 முதல் 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிக்கல் ஏறும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோளாறு பொருளில் எங்கே இருக்கிறது?

முதல் கேள்வி இதுதான், பாதி விடையும் இதில்தான் இருக்கிறது. முனையிலும் விளிம்பிலும் கரண்ட் அதிகமாகப் பாயும். குழிவிலும் உட்பக்கத்திலும் வெட்டிய எழுத்துப் பள்ளத்திலும் குறைவாகப் பாயும். முனை கெட்டிருந்தால் கரண்ட் கூடுதல், அல்லது அந்தக் கரண்டைத் தாங்கும் பலம் சொல்யூஷனில் இல்லை. குழிவு கெட்டிருந்தால் அந்நிய உலோகம் கலந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். மேல்நோக்கிய பக்கம் மட்டும் கெட்டிருந்தால் தொட்டியில் மிதக்கிற ஏதோ ஒன்று அதன் மேல் படிகிறது. ஜிக்கில், அதாவது பீஸ்களை மாட்டித் தொட்டியில் இறக்கும் சட்டத்தில், எப்போதும் ஒரே கொக்கியில் மாட்டிய பீஸ் மட்டும் கெட்டால் சொல்யூஷனைத் தொடவே வேண்டாம். அந்தக் கொக்கியின் தொடுமுனையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இரண்டாவது, ஹல் செல். 267 மி.லி. சொல்யூஷன் பிடிக்கும் சிறிய பெட்டி அது, 1930-களில் ரிச்சர்ட் ஹல் உருவாக்கியது. அதில் தகடு சாய்வாக நிற்பதால் ஒரு முனையில் கரண்ட் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் பாயும். 2 ஆம்பியரில் 5 நிமிடம் ஓட்டினால் தொட்டியின் குணம் முழுவதும் ஒரே தகட்டில் தெரிந்துவிடும். சின்னப் பட்டறைக்கு இது எதற்கு என்று நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது, சின்னப் பட்டறைக்குத்தான் இது அவசியம். 600 லிட்டர் தொட்டியில் செய்யும் தவறைத் திரும்ப எடுக்க முடியாது. கால் லிட்டரில் செய்யும் தவறைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். தொட்டி நன்றாக ஓடும் நாளில் ஒரு தகடு போட்டுத் தேதி எழுதி வைத்துக்கொண்டால், கெட்ட நாளில் ஒப்பிட ஒன்று கையில் இருக்கும்.

பூச்சு உரிந்து வருகிறது

உரிந்த செதிலைத் தூக்கி எறியாதீர்கள். இடுக்கியால் எடுத்து அதன் அடிப்பக்கத்தையும், அது விட்டுப்போன இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த இரண்டு அடுக்குக்கு நடுவில் பிடிப்பு விட்டது என்பது நிறத்திலேயே தெரியும்.

விட்டுப்போன இடத்தில் பித்தளையின் மஞ்சள் தெரிந்தால், நிக்கல் தொட்டிக்கு வருவதற்கு முன்பே தவறு நடந்துவிட்டது. அந்த இடம் சுத்தமாகவில்லை. சுத்தம் ஆனதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். கிளீனர், கழுவல், ஆசிட் டிப், மறுபடி கழுவல் எல்லாம் முடிந்த பிறகு பீஸைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக அரை நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். எண்ணெய் மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் படலம் முதலில் மெலியும், பிறகு தாமரை இலைத் தண்ணீர் போல இரண்டு பக்கமும் விலகி, நடுவில் ஒரு உலர்ந்த தீவு விரியும். அந்தத் தீவு எங்கே விழுந்ததோ அங்கேதான் பூச்சு உரியும். ஒன்று கவனிக்க வேண்டும். இதை ஆசிட் டிப்புக்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். கிளீனரிலிருந்து வந்தவுடனே பார்த்தால் மேலே ஒட்டியிருக்கும் சோப்புத்தன்மையே தண்ணீரைப் பிடித்து வைத்து நம்மை ஏமாற்றும்.

உலர்ந்த தீவு விழுந்தால் பெரும்பாலும் பஃபிங் சோப்புதான் (பாலிஷ் சக்கரத்தில் தடவும் மெழுகுக் கட்டி) காரணம். பஃப் அடித்த சூட்டோடு அது எளிதாகப் போய்விடும். இரண்டு நாள் கிடந்தால் மெழுகு இறுகி, மூலைகளில் கல்லாகிவிடும். சனிக்கிழமை பஃப் அடித்துத் திங்கட்கிழமை பிளேட்டிங் செய்யும் பழக்கம் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

தண்ணீர் நன்றாக நிற்கிறது, ஆனாலும் உரிகிறது என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, பித்தளையை எலக்ட்ரோ கிளீனரில் (கரண்ட் விட்டுச் சுத்தம் செய்யும் தொட்டி) பாசிட்டிவ் பக்கம் மாட்டுகிறீர்களா? இரும்புக்குக் கடைசியில் அப்படி மாட்டுவது நல்லது. பித்தளையில் அது மேல்பரப்பைக் கருக்கிவிடும். இரண்டாவது, லேத்தில் கடைந்த பித்தளையா? எளிதாகக் கடைவதற்காக அதில் 2 முதல் 3 சதவீதம் ஈயம் சேர்ப்பார்கள். கந்தக ஆசிட்டில் தோய்த்தால் அந்த ஈயம் கரையாத ஈய சல்ஃபேட்டாகி மேலே மெல்லிய தூளாக உட்காரும். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும், நிக்கல் அதன் மேல் பிடிக்காது. இந்த மாதிரி பித்தளைக்கு ஃபுளோபோரிக் ஆசிட் டிப் வேண்டும். ஈயத்தைக் கரைத்து எடுப்பது அதுதான். கிளீனரை எத்தனை முறை மாற்றியும் உரிதல் நிற்காத பட்டறைகளில் இந்த ஒரு மாற்றம் போதும்.

விட்டுப்போன இடமும் நிக்கல், செதிலும் நிக்கல் என்றால் பிளேட்டிங் நடுவில் கரண்ட் விட்டுவிட்டு வந்திருக்கிறது. ஜிக் ஆட்டம், ஜிக்கைத் தொங்கவிடும் செம்புக் கம்பியில் (பார்) பச்சை பிடித்த தொடுமுனை, மின்வெட்டு, ஏதாவது ஒன்று. கரண்ட் நின்ற சில நொடிகளில் நிக்கல் மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகிவிடும், அடுத்து வரும் நிக்கல் அதன் மேல் ஒட்டாது. கரண்ட் போன பீஸை அப்படியே தொடராதீர்கள். வெளியே எடுத்து, ஆசிட்டில் தோய்த்துக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பிடிப்பு சரியா என்று சந்தேகம் இருந்தால் ஒரு பீஸைத் தியாகம் செய்யலாம். பித்தளையை 250 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். பிடிப்பு இல்லாத இடம் உடனே உப்பும்.

டை காஸ்ட் பீஸில் கொப்புளம்

டை காஸ்ட், அதாவது அச்சில் அழுத்தி வார்த்த ஜிங்க் அலாய் பீஸ்கள் தனி ரகம். அனுப்பும்போது அழகாக இருக்கும், ஒரு வாரம் கழித்து மேலே அம்மை போட்ட மாதிரி கொப்புளத்தோடு திரும்பி வரும். வார்ப்பின் மேல்தோல் மட்டும்தான் கெட்டியானது, அதற்குக் கீழே நுண்ணிய துளைகள் இருக்கும். பஃபில் அழுத்தித் தேய்த்தால் தோல் போய்த் துளைகள் திறந்துவிடும். ஆசிட்டும் கிளீனரும் உள்ளே போய்த் தங்கி, மூடிய பூச்சுக்கு அடியில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே பஃபைக் குறையுங்கள், ஆசிட் டிப்பை மிக லேசாக, சில நொடிகளில் முடியுங்கள்.

அடுத்தது, செம்பு. ஜிங்க்கை நேராக நிக்கல் தொட்டியில் இறக்கினால் தொட்டியின் அமிலமே அதை அரிக்கும். அதனால்தான் முதலில் சயனைடு செம்பு. குழிவில் செம்பு மெலிந்த இடமே பெரும்பாலும் கொப்புளம் வரும் இடம். பிடிப்பைப் பார்க்க இதற்கு 150 டிகிரி போதும், அதற்கு மேல் வேண்டாம்.

சயனைடு தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. அந்தத் தொட்டியின் கழுவல் தண்ணீரும் ஆசிட்டின் கழுவல் தண்ணீரும் எங்கேயும் சந்திக்கக் கூடாது, வடிகாலில்கூட. இரண்டும் சேர்ந்தால் வருவது ஹைட்ரஜன் சயனைடு வாயு, அது ஆளைக் கொல்லும். தொட்டிக்குத் தொட்டி வாளியும் கரண்டியும் தனித்தனியாக இருக்கட்டும், வேறு வேறு நிறத்தில்.

குழிவில் கருமை

தொடக்கத்தில் சொன்ன கழுத்து வளையம் இதுதான். தொட்டியில் செம்பு கலந்திருக்கிறது, அல்லது ஜிங்க். லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் செம்பே குழிவைக் கருக்கப் போதும். கரண்ட் குறைவான இடத்தில் நிக்கலை முந்திக்கொண்டு செம்பு படியும், அதனால்தான் மேல்பகுதி அழகாக இருக்க, குழிவு மட்டும் கறுக்கிறது.

வைத்தியம் டம்மி ஓட்டுவது. நெளிவு நெளிவாக வளைத்த இரும்புத் தகட்டைச் சுத்தம் செய்து தொட்டியில் தொங்கவிட்டு, சதுர டெசிமீட்டருக்கு 0.2 முதல் 0.5 ஆம்பியரில் இரவு முழுவதும் ஓட்டுங்கள். நெளிவின் பள்ளங்களில் கருமை வந்து படியும். காலையில் தகடு பள்ளத்திலும் ஒரே நிறமாக வந்தால் போதும்.

ஆனால் டம்மி ஓட்டி முடித்து இரண்டு நாளில் கருமை திரும்பினால், செம்பு இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. நான் இருந்த ஒரு பட்டறையில் இப்படித்தான் மூன்று முறை நடந்தது. கம்பில் காந்தத்தைக் கட்டித் தொட்டியின் அடியைத் துழாவினோம், இரண்டு இரும்புக் கொக்கிகள் வந்தன. அதோடு சுத்தமாகிவிட்டது என்று நினைத்தோம். மறுபடியும் எழுத்துப் பள்ளங்களில் அதே கருமை. கடைசியில் சொல்யூஷனை வேறு தொட்டிக்கு மாற்றிப் பார்த்தபோது, அடிவண்டலில் ஒரு பித்தளைப் பூண் கிடந்தது. பாதி கரைந்து, மிச்சம் செம்பு நிறத்தில் சிவந்து, விரலால் அழுத்தினால் பொரியும் நிலையில். பித்தளை காந்தத்துக்கு வராது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அங்கே ஜிக்கில் எத்தனை பீஸ் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணும் பழக்கம் வந்தது. விழுந்த பீஸை அன்றைக்கே எடுத்துவிட்டால் டம்மிக்கே அவ்வளவு வேலை இருக்காது.

அடியில் ஒன்றும் இல்லையென்றால் தலைக்கு மேலே பாருங்கள். தொட்டிக்கு மேல் ஓடும் செம்பு பாரில் பச்சைக் களிம்பு பிடித்து, அதன் மேல் பட்ட தண்ணீர் தொட்டிக்குள் சொட்டிக்கொண்டிருக்கலாம்.

ஊசிக்குழிகள்

முதலில், குழி பூச்சிலா, பித்தளையிலேயே இருந்ததா என்று முடிவு செய்யுங்கள். பஃப் முடிந்த பீஸை லென்ஸில் பார்த்தால் தெரியும். பளபளப்பு நிக்கல் மெல்லிய கீறலை நிரப்பும், வார்ப்பில் வந்த ஊசிக்குழியை நிரப்பாது.

பூச்சில் வந்த குழி என்றால் அது ஹைட்ரஜன் குமிழி ஒட்டி நின்ற இடம். குழியிலிருந்து மேல்நோக்கி ஒரு வால் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வெட்டிங் ஏஜென்ட் குறைந்திருக்கும். ஒரு கம்பியை வளையமாக வளைத்துச் சொல்யூஷனில் முக்கித் தூக்குங்கள், குழந்தைகள் சோப்புக் குமிழி ஊதுவார்களே, அந்த மாதிரி வளையத்தில் படலம் சில நொடி நிற்க வேண்டும். உடனே உடைந்தால் வெட்டிங் ஏஜென்ட் போடலாம். படலம் நன்றாக நின்றும் குழி வந்தால் போடாதீர்கள். அப்போது ஃபில்டர் பம்பின் உறிஞ்சு குழாயில் காற்று கசிகிறதா என்றும், காற்றுக் கலக்கலுக்கு கம்ப்ரசர் வைத்திருந்தால் அதிலிருந்து எண்ணெய் வருகிறதா என்றும் பாருங்கள். கலக்கலுக்கு புளோயர்தான் நல்லது.

சொரசொரப்பு

பீஸின் மேல்நோக்கிய பக்கத்தில் விரலை ஓட்டினால் மணல் மாதிரி இருக்கும், கீழ்ப்பக்கம் வழவழப்பாக இருக்கும். ஆனோடு (கரண்டின் பாசிட்டிவ் பக்கம் தொங்கும் உலோகம்) மேல் போட்ட பை கிழிந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், இரண்டையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நம் ஊரில் அதிகம் கவனிக்காமல் விடுவது தண்ணீர். ஆவியாகிப் போனதற்குப் பதில் தினமும் போர் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் ஆவியாகும், அதிலிருக்கும் கால்சியம் போகாது. தொட்டியில் சல்ஃபேட் ஏராளமாக இருப்பதால் ஒருநாள் அது கால்சியம் சல்ஃபேட்டாகப் பிரியும், மெல்லிய ஊசி ஊசியாக. சூடு ஏற ஏற அது இன்னும் குறைவாகத்தான் கரையும், அதனால் ஹீட்டரைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தால் இதுதான். சொல்யூஷனைச் சூடாகவே வைத்து ஃபில்டர் செய்யுங்கள், இனிமேல் டி.எம். தண்ணீர் (உப்புகள் நீக்கிய தண்ணீர்) மட்டும் ஊற்றுங்கள்.

முனை கருகுகிறது

தொட்டிக்குக் கரண்ட் தரும் ரெக்டிஃபையரைக் குறைப்பதற்கு முன் பரப்பைக் கணக்குப் போடுங்கள். நேற்று ஜிக்கில் 20 பீஸ், இன்று 12 பீஸ், ஆம்பியர் மட்டும் நேற்றைய அளவிலேயே இருந்தால் கருகாமல் என்ன செய்யும். கணக்கு சரியென்றால் போரிக் ஆசிட். குளிர்ந்த சொல்யூஷனில் அது நன்றாகக் கரையாது. விடுமுறை கழிந்த காலையில் தொட்டியடியில் வெள்ளைப் படிகமாகக் கிடக்கும், அதை ஃபில்டர் விழுங்கிவிடும். துணிப் பையில் கட்டிச் சூடான மூலையில் தொங்கவிட்டால் தேவையானது கரைந்துகொள்ளும். நிக்கல் அளவு குறைவு, சூடு குறைவு, இவை இரண்டும் அதற்கு அடுத்தது.

பளபளப்பு உண்டு, ஆனால் உடைகிறது

ஹல் செல் தகட்டை மடித்துப் பாருங்கள். மடிப்பில் சடசடவென்று வெடித்தால் பிரைட்னர் அதிகமாகிவிட்டது, அல்லது அது சிதைந்த கழிவு தொட்டியில் சேர்ந்துவிட்டது. இதற்குச் சேர்க்க ஒன்றும் இல்லை, எடுக்கத்தான் வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு, சூடாக்கிக் கலக்கி அது முழுவதும் போன பிறகு, லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் ஆக்டிவேட்டட் கார்பன் சேர்த்துச் சில மணி நேரம் கலக்கி, படியவிட்டு ஃபில்டர் செய்யுங்கள். கார்பன் பிரைட்னரையும் சேர்த்தே எடுத்துவிடும். திரும்பப் போடும்போது ஹல் செல்லில் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

குரோம் தொட்டியில் வரும் கோளாறுகள்

குரோம் அடுக்கு 0.3 மைக்ரான் அளவுதான். கோளாறு குரோமில் தெரிந்தாலும் வேர் பல நேரம் நிக்கலில் இருக்கும். மேலே பால் சிந்திய மாதிரி வெள்ளைத் திட்டு வந்தால், நிக்கல் முடிந்து குரோமுக்குப் போவதற்குள் பீஸ் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். 5 சதவீதக் கந்தக ஆசிட்டில் ஒருமுறை தோய்த்து, கழுவி, ஈரத்தோடு உள்ளே விடுங்கள். அதோடு போகாவிட்டால் நிக்கலில் பிரைட்னர் அதிகம்.

குழிவில் குரோம் ஏறவில்லை என்பதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம். குரோம் நீலம் கலந்த வெண்மை, வெறும் நிக்கல் லேசான மஞ்சள். இங்கே எல்லாம் விகிதம்தான். குரோமிக் ஆசிட் 250 கிராமுக்குக் கந்தக ஆசிட் 2.5 கிராம், அதாவது 100-க்கு 1. கந்தக ஆசிட் கூடினால் குழிவில் ஏறாது. குறைந்தால் வானவில் நிறத்தில் கறை வரும். கூடிய கந்தக ஆசிட் ஒரு கிராமை எடுக்க சுமார் 2 கிராம் பேரியம் கார்பனேட் வேண்டும். சூடு 40 முதல் 45 டிகிரி. சூடு குறைந்தால் முனை சாம்பல் நிறமாகக் கருகும், கூடினால் பூச்சு மங்கும். ஈய ஆனோடையும் தூக்கிப் பாருங்கள். சாக்லேட் பழுப்பாக இருந்தால் வேலை செய்கிறது. மஞ்சள் பொருக்குப் பிடித்திருந்தால் அது பாதி தூங்குகிறது, பிரஷ் போட்டுத் தேய்த்து எடுங்கள்.

குரோம் புகையைப் பொறுத்தவரை நான் கறாராகச் சொல்வேன். குரோமிக் ஆசிட்டில் இருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவது இந்தத் தொழிலில் பழைய வியாதி. தொட்டி ஓரத்தில் உறிஞ்சும் விசிறி ஓடாமல் ரெக்டிஃபையரைப் போடக் கூடாது. கையுறையில் சிறு ஓட்டை இருந்தாலும் மாற்றுங்கள்.

வாடிக்கையாளரிடமிருந்து துருவோடு திரும்பி வந்தால்

இரும்பில் செம்புள்ளி, பித்தளையில் பச்சைப் புள்ளி. குரோம் கெட்டுவிட்டது என்று கொண்டுவருவார்கள். துருவைத் தடுக்கும் வேலை நிக்கலுடையது, அது மெலிந்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு 8 முதல் 10 மைக்ரான் போதும், மழை வெயிலில் நிற்கும் இரும்புக்கு 25 முதல் 30 வேண்டும்.

தடிமன் அளக்கும் மீட்டர் இல்லாவிட்டால் தராசு போதும். பீஸை நிக்கலுக்கு முன்னும் பின்னும் நன்றாக உலர்த்தி எடை போடுங்கள். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பில் 10 மைக்ரான் நிக்கல் ஏறினால் எடை சுமார் 0.9 கிராம் கூடும். இது சராசரிதான், முனையில் கூடுதலாகவும் குழிவில் குறைவாகவும் இருக்கும். திரும்பி வந்த பீஸில் முதல் புள்ளி குழிவில்தான் விழுந்திருக்கும். அடுத்த முறை அந்தக் குழிவு ஆனோடைப் பார்க்கிற மாதிரி ஜிக்கில் திருப்பி மாட்டுங்கள்.